காகிதத்திற்கு விடைகொடுக்கலாமா?

நாம் பணியாற்றும் பங்கில் கணினி கற்ற இளைஞர் ஒருவர் உண்டு. பங்குப் பேரவையின் உறுப்பினரும் ஆவார். ஒருநாள் மாலை நமது அலுவலக அறைக்குள் வந்தவர், சுவரோரம் நிற்கும் இரண்டு மர அலமாரிகளையும் சற்று நேரம் உற்று நோக்கினார். பின்னர், “சாமி, இத்தனை கட்டுகளும் எதற்கு? எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அறையும் விசாலமாகும், கரையானுக்கும் வேலை இராது” என்றார்.

“காகிதமே வேண்டாம் என்கிறாயா, தம்பி?” என்று கேட்டோம்.

“உலகம் முழுவதும் அப்படித்தான் சாமி போய்க்கொண்டிருக்கிறது” என்று நகைத்தார்.

அதே வாரத்தில் மூதாட்டி ஒருவர் மஞ்சள் பையொன்றை மார்போடு அணைத்தவாறு வந்து, “சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி” என்று சொல்லி நின்றார். இவ்வூரில் பிறந்து, வேறு பங்கில் வாழ்க்கைப்பட்டு, கணவரை இழந்தபின் உடன்பிறந்தான் வீட்டுக்குத் திரும்பியிருப்பவர். அவரது அடையாள அட்டையில் பிறந்த நாள் சனவரி 1 என்றும், ஆண்டு 1968 என்றும் இருந்தது. பிறந்த நாளைச் சொல்ல அறியாத எளியோர் பலருக்குப் பதிவு செய்ய வந்தவர்கள் உத்தேசமாக இட்ட நாள் அது. “அட்டைப்படி எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லையாம், சாமி. அதனால் முதியோர் உதவித்தொகைக்கு வழியில்லை என்கிறார்கள். என் மூத்த மகனுக்கே நாற்பத்தாறு நடக்கிறது!” என்றார்.

அலமாரியைத் திறந்தோம். 1958ஆம் ஆண்டின் திருமுழுக்குப் பதிவேட்டில், நீல மையில், இலத்தீன் மொழியில், அவரது பெயர் இருந்தது. பெற்றோர், ஞானப்பெற்றோர், பிறந்த நாள், திருமுழுக்கு நாள், அன்றைய பங்குக் குருவின் கையொப்பம் என யாவும் இருந்தன. அதே வரியின் ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், 1978இல் அவர் இன்ன ஊரில் இன்னாரை மணந்தார் என்ற குறிப்பும் இருந்தது. இருபதாண்டு இடைவெளியில் எழுதிய அவ்விரு குருக்களும் இன்று கல்லறையில் துயில்கின்றனர். அவர்கள் சொன்ன சாட்சியமோ ஒரே பக்கத்தில் விழித்திருந்தது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆனால் ஏட்டில் இல்லாத ஏழைக்குக் கறியும் இல்லை, கஞ்சியும் இல்லை என்பதே இக்காலத்து நிலை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே வாரத்தில் நேர்ந்தமையால் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. அலுவலகங்களில் காகிதம் ஆற்றிவரும் பணியை மின்னணுக் கருவிகள் முற்றிலும் ஏற்றுக்கொள்ள இயலுமா? வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

ஐம்பதாண்டு வாக்குறுதி

காகிதமில்லா அலுவலகம் என்பது இன்று நேற்றுத் தோன்றிய கனவன்று. 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ‘பிசினஸ் வீக்’ இதழ் எதிர்கால அலுவலகத்தைப் பற்றி விரிவாக எழுதியது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத் தலைவராயிருந்த ஜார்ஜ் பேக் என்பார், தம் மேசைமீது திரையொன்று இருக்கும் என்றும், பொத்தானை அழுத்தியவுடன் வேண்டிய ஆவணம் அதில் தோன்றும் என்றும் அவ்விதழில் முன்னுரைத்தார். அவர் சொன்ன திரை வந்தது, பொத்தானும் வந்தது. கூடவே அச்சுப்பொறியும் வந்தது! முன்பு தட்டச்சரிடம் கெஞ்சி இரண்டு படிகள் பெற்றவர், இப்போது ஒரே நொடியில் இருபது படிகள் எடுக்கலானார்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அபிகேல் செல்லன், ரிச்சர்டு ஹார்ப்பர் என்னும் இரு ஆய்வாளர்கள், காகிதமில்லா அலுவலகம் ஒரு கட்டுக்கதையே என்னும் கருத்தில் ஒரு நூல் வெளியிட்டனர். மின்னஞ்சல் புகுந்த நிறுவனங்களில் காகிதச் செலவு சராசரியாக 40 விழுக்காடு கூடியது என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய செய்தி. திரையில் வந்த மடலை எல்லாரும் அச்சிட்டே படித்தனர் போலும். அதன் பின்னர் மேலைநாடுகளில் எழுதுதாளின் தேவை ஆண்டுக்காண்டு சரிந்து வருவதையும் நாம் மறைத்தல் ஆகாது. இன்றைய இளைஞர் மடலை அச்சிடுவதில்லை. ஆகவே, அக்கனவு பலிக்கவே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. முற்றிலும் பலித்துவிட்டது என்றும் கூறுவதற்கில்லை.

இதற்குக் காரணம் என்ன? காகிதம் அலுவலகத்தில் ஒரே வேலையைச் செய்யவில்லை. மூன்று வேலைகளைச் செய்து வந்தது. செய்தியைச் சுமந்து செல்லுதல் ஒன்று. படிப்பவனைச் சிந்திக்க வைத்தல் மற்றொன்று. நடந்ததற்குச் சாட்சியாக நிற்றல் மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்து நோக்கினால் குழப்பம் தீரும்.

இயந்திரம் வென்ற இடம்

முதல் வேலையில் இயந்திரமே வென்றது. அதில் நமக்கு வருத்தமும் இல்லை. ஆயர் இல்லத்துச் சுற்றுமடல் அஞ்சலில் வந்து சேர முன்பெல்லாம் நான்கைந்து நாள்கள் ஆகும். மழைக்காலமாயின் ஒரு வாரமும் ஆகும். இன்று அது கையொப்பமான அரை மணியில் நம் கைப்பேசியில் ஒளிர்கிறது. ரயில் பெட்டியின் கதவருகே ஒட்டிய பெயர்ப் பட்டியலை முண்டியடித்துப் பார்த்த காலம் போயிற்று. தேடிக் கண்டுபிடிப்பதிலோ இயந்திரத்திற்கு இணையில்லை. நாற்பது கட்டுகளைப் புரட்டி நாம் தும்மி முடிப்பதற்குள் அது பெயரை எடுத்து நீட்டிவிடும்.

காகிதத்தின் குறைகளையும் ஒளிவின்றிச் சொல்லிவிடுவோம். அதற்கு நீரும் பகை, நெருப்பும் பகை. 2015 டிசம்பரில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் புகுந்தபோது, பள்ளிச் சான்றிதழ்களும் வீட்டுப் பத்திரங்களும் சேற்றில் ஊறிக் கூழாயின. இழந்தவர்களுக்கு மாற்றுப் படிகள் வழங்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று. படியொன்று வேறிடத்தில் இருந்திருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்! அதே 2015ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய ‘டிஜிலாக்கர்’ என்னும் மின்பெட்டகம் இக்குறையை ஓரளவு தீர்க்க வந்ததேயாகும்.

அயர்லாந்து நாட்டின் அனுபவம் இன்னும் துயரமானது. 1922 சூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரின் நீதிமன்ற வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டுகளின் ஆவணங்கள் சில மணிகளில் சாம்பலாயின. பாதுகாப்புக் கருதி அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்து ஆங்கிலிக்கத் திருச்சபையின் பதிவேடுகளும் எரிந்தன. அச்சபையின் பழைய ஏடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அன்று அழிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளோ அந்தந்தப் பங்கிலேயே சிதறிக் கிடந்தமையால் தப்பின. 2015இல் அந்நாட்டுத் தேசிய நூலகம் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேட்டுப் படங்களை எவரும் இலவசமாகக் காணும்படி இணையத்தில் வைத்தது. காகிதம் ஓரிடத்தில் குவிந்தபோது அழிந்தது. பலவிடத்தில் இருந்தபோது பிழைத்தது. இயந்திரத்தின் துணை கிடைத்தபோது உலகெங்கும் பரவியது. இதில் நமக்கொரு பாடம் உண்டு.

படிக்கும் கண்ணும் பிடிக்கும் கையும்

இரண்டாவது வேலைக்கு வருவோம். படித்து ஆராய்வதற்குத் திரை போதுமா?

2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று 2018இல் தன் முடிவை வெளியிட்டது. அவ்வாய்வுகளில் பங்கேற்றவர் சுமார் 1,70,000 பேர். செய்தியும் கருத்தும் நிறைந்த பகுதிகளைத் திரையில் படித்தவரைக் காட்டிலும் தாளில் படித்தவர் நன்கு புரிந்துகொண்டனர். நேரம் குறுகியபோது அவ்வேறுபாடு மிகுந்தது. கதைகளைப் பொறுத்தவரை வேறுபாடு காணப்படவில்லை. அலுவலகக் கோப்போ கதையன்று; அல்லது கதையாக இருத்தல் கூடாது!

இதனை நமது பங்கின் நிதிக்குழுக் கூட்டத்திலேயே கண்டோம். ஆண்டுக் கணக்கைச் சுவரில் ஒளிக்காட்சியாகக் காட்டினோம். எண்கள் ஓடின, அனைவரும் தலையசைத்தனர். பழக்கத்தின் காரணமாகத் தாளிலும் சில படிகள் எடுத்து வைத்திருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு படியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது. “சாமி, சூன் மாத மின்கட்டணம் இரண்டு முறை ஏறியிருக்கிறதே?” என்றார். உண்மைதான். திரையில் பார்த்த பதினொருவரில் ஒருவருக்கும் தட்டுப்படாத பிழை அது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். அளக்கும் கைக்குப் பென்சில் இன்னும் தேவைப்படுகிறது.

செல்லனும் ஹார்ப்பரும் கண்டதும் இதுவே. நான்கு தாள்களை மேசைமேல் பரப்பி ஒப்பிடவும், ஓரத்தில் குறித்துக்கொள்ளவும், புரட்டியபடியே எண்ணவும் காகிதம் இடங்கொடுக்கிறது. எனவே இவ்வேலையை இயந்திரம் பாதி ஏற்றது. மீதியைத் தாளிடமே விட்டது எனலாம்.

சாட்சி சொல்லும் ஏடு

மூன்றாவது வேலையே முதன்மையானது. சாட்சியாக நிற்பதற்கு என்ன தகுதி வேண்டும்? நீண்டநாள் வாழ வேண்டும். மறைவாக மாற இயலாததாக இருக்க வேண்டும். தனக்கு நேர்ந்த அநீதியை மெய்ப்பிக்க விரும்பும் எளியவன் கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும்.

முதலாவது, ஆயுள். இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் 1086இல் தம் நாட்டு நிலபுலன்களைக் கணக்கெடுத்துத் தோல் ஏடுகளில் எழுதுவித்தார். ‘டூம்ஸ்டே’ ஏடு எனப்படும் அதனை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம், பள்ளிச் சிறுவர் உட்படப் பெருந்திரளான மக்களின் உதவியோடு, ஒரு புதிய கணக்கெடுப்பை லேசர் தட்டுகளில் பதிந்தது. செலவு 25 இலட்சம் பவுன். பதினைந்தே ஆண்டுகளில் அத்தட்டுகளைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாகி, வல்லுநர் குழுக்கள் பெரிதும் முயன்று அதனை மீட்க வேண்டியதாயிற்று. பழைய ஏட்டைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதும். புதிய தட்டைப் படிக்கவோ இன்னொரு கருவியின் தயவு வேண்டும். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கங்கள் கொண்டது. நாலரை நூற்றாண்டு நெருங்கியும் அதன் படியொன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய நெகிழ்தட்டை இன்று எந்தக் கணினியில் செருகுவது?

இரண்டாவது, மாறாமை. கையால் எழுதும் பதிவேட்டில் பக்க எண் உண்டு. பிழை நேர்ந்தால் அழிப்பதில்லை; ஒரு கோடிட்டு, திருத்தி, ஒப்பமிடுகிறோம். திருத்தியவன் யார் என்பது திருத்தத்திலேயே தெரியும். மின்னணுக் கையொப்பம் போன்ற முறைகளால் கணினிப் பதிவிலும் மாற்றத்தைக் கண்டறியலாம் என்பது மெய்யே. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்கு நம் நாட்டில் ஏற்பும் அளித்துள்ளது. ஆயினும் அந்த ஏற்பாடு எளியவனுக்கு எட்டாதபோது என்ன நேரும்?

பிரிட்டனில் நேர்ந்ததைக் கேளுங்கள். அங்கே கிளை அஞ்சலகங்களின் கணக்கைக் கவனிக்க 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணினி ஏற்பாடு புகுத்தப்பட்டது. அதற்குமுன் கிளை அஞ்சலக அதிகாரிகள் தாளில் கணக்கெழுதி, தாமே சரிபார்த்து வந்தவர்கள். புதிய இயந்திரமோ பல இடங்களில் பணம் குறைகிறது என்று காட்டியது. “நாங்கள் எடுக்கவில்லை” என்றவர்களிடம், “கணினி பொய் சொல்லாது” என்றனர் அதிகாரிகள். வீட்டை விற்று ஈடு செய்தவர்கள் உண்டு; சிறை சென்றவர்கள் உண்டு; அவமானம் தாளாது உயிரை மாய்த்துக் கொண்டவர்களும் உண்டு. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அந்த ஏற்பாட்டில் பிழைகள் மலிந்திருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கண்டது. கிளையில் இருப்பவர் அறியாமலே தொலைவிலிருந்து கணக்கில் கைவைக்க இயலும் என்பதும் வெளிப்பட்டது. இறுதியில் 2024இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி அத்தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது.

அன்பர்களே, இங்கே குற்றம் இயந்திரத்தினுடையது மட்டுமோ? இயந்திரத்தின் சொல்லைக் கேட்டு, எதிரே நின்று அழுத மனிதனின் சொல்லைக் கேளாதவர்களுடையது அன்றோ? தன் கணக்கைத் தானே புரட்டிக் காட்டும் ஏடு ஒன்று அந்த எளியவர்கள் கையில் இருந்திருப்பின், இத்துணைப் பெரிய அநீதி இத்துணை ஆண்டுகள் நீடித்திராது.

மூன்றாவது, எட்டும் தூரம். நியாயவிலைக் கடையில் கைரேகை வைக்கும் கருவியின் முன் நிற்கும் முதியவரைப் பாருங்கள். களை பறித்தும் கல் உடைத்தும் ரேகை தேய்ந்த விரலை அது அறிவதில்லை. மீண்டும் துடைத்து, மீண்டும் அழுத்தி, பின்னால் நிற்போரின் முணுமுணுப்பைக் கேட்டுக் கூனிக் குறுகுகிறார். பெரிய நிறுவனங்களும் இத்தகைய முடக்கத்திற்கு விலக்கல்ல. 2022 நவம்பரில் தில்லியின் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகக் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கியபோது, பல நாள்கள் வரை நோயாளிகளின் சீட்டுகளைக் கையாலேயே எழுதினர். அன்று மருத்துவம் நின்றுவிடாமல் காத்தவை தாளும் பேனாவுமே.

சட்டமும் இதனை உணர்ந்தே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியுள்ளது. ஆகவே கைப்பேசியில் எழுதி வைத்த இறுதி விருப்பம் உயில் ஆகாது. தாளும், கையொப்பமும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்னும் சாட்சியச் சட்டமும், மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைப்பதற்குப் பொறுப்பாளர் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும் என்கிறது. இயந்திரத்தின் பின்னாலும் ஒரு மனிதன் நின்று, “இதற்கு நான் பொறுப்பு” என்று சொல்ல வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

நாம் செய்யத்தக்கது

திருமண ஏடு ஒன்றைப் பங்குக் குரு பேண வேண்டும் என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 535ஆம் சட்டம், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் ஏடுகளை ஒழுங்காக எழுதவும், பழைய ஏடுகளைக் கவனமாகக் காக்கவும் கட்டளையிடுகிறது. உறுதிபூசுதலையும் திருமணத்தையும் திருமுழுக்கு ஏட்டிலேயே குறிக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே. அம்மூதாட்டியைக் காத்த ஓரக் குறிப்பு அவ்வாறு வந்ததுதான்.

காகிதத்தைக் கைவிடுவதால் மரங்கள் பிழைக்கும் என்னும் வாதத்தையும் நாம் மதிக்கிறோம். வீணாக அச்சிடுவது குற்றமே. ஆனால் கருவிகளுக்கும் விலை உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் கால் பங்கிற்கும் குறைவானதே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. இரண்டையும் அளவோடு பயன்படுத்துவதே அறிவுடைமை.

எனவே நாம் கண்ட முடிவு இது. செய்தி சுமக்கும் காகிதத்திற்கு நன்றி கூறி விடைகொடுக்கலாம். சிந்திக்க உதவும் காகிதத்தைத் தேவைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். சாட்சி சொல்லும் காகிதத்தை மட்டும் கைவிடலாகாது. அதற்கு இயந்திரத்தைத் துணையாக்க வேண்டும், மாற்றாக்கக் கூடாது.

இல்லங்களிலும் இதனைக் கைக்கொள்ளலாம். நிலப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் படிகளை நீர் புகாத உறையிலிட்டு உயரமான இடத்தில் வையுங்கள். அவற்றின் படங்களைக் கைப்பேசியில் மட்டுமன்றி, வேறூரில் வாழும் பிள்ளையிடமோ உடன்பிறந்தாரிடமோ கொடுத்து வையுங்கள். பெயர், வயது, எழுத்து ஆகியவற்றில் பிழையிருப்பின் இன்றே திருத்த முயலுங்கள். எழுதாக் கடனுக்கு அழுதால் தீராது. தவறாக எழுதிய வயதும் அழுதால் திருந்தாது.

நமது அலமாரிகள் இன்னும் நிற்கின்றன. அந்த இளைஞர் மூன்று மாதங்களாக ஞாயிறு மாலைகளில் வந்து, பழைய ஏடுகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து வருகிறார். ஒரு படி பங்கில், ஒரு படி ஆயர் இல்லத்தில் என்பது ஏற்பாடு. இனிப் பெயர் தேடும்போதெல்லாம் நொய்ந்த ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. அதனால் ஏட்டின் ஆயுளும் கூடும்.

மூதாட்டி வந்த அன்றும் அவர் உடனிருந்தார். சான்றிதழை எழுதி, முத்திரையிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தோம். மேற்கொண்டு ஆவன அரசு அலுவலகத்தின் கையில். இளைஞரோ, “பாட்டி, இதைப் படம் எடுத்து உங்கள் பேரன் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறேன். தாளைச் சுமக்க வேண்டாம்” என்றார். அவர் அந்தத் தாளை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தவாறே சொன்னார்:

“அனுப்பு ராசா. தொலைந்து போகாமல் அது அங்கே இருக்கட்டும். கேட்கிறவன் முன்னால் நீட்டுவதற்கு இது என் கையில் இருக்கட்டும்.”